வேம்புவைக் கூப்பிட ஒரு பட்டன்

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் என்னை இந்த அலுவலகத்துக்குள் விடுகிறீர்கள், டீ தருகிறீர்கள், போதாததற்குப் பேசவும் சொல்கிறீர்கள். சந்தோஷம். உங்களில் பாதிப் பேர் சண்டை வடிவமைப்புக்குப் புதிதாக வந்தவர்கள் என்றார்கள். வாள் எவ்வளவு வேகமாக வீச வேண்டும், அடி விழும்போது திரை எவ்வளவு அதிர வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு சம்பவம். எங்கள் முதல் பெரிய கேமில், எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்த நேரத்தில் நடந்தது.

அதற்கு முன் என்னைப் பற்றி நாலு வரி. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தவள் நான். புலி, கிளி, ரோஜாப்பூ, சிரிக்கிற குழந்தை. சீசன் நேரத்தில் புலி ஆர்டர் அதிகம். உறுமுகிற புலி, பாய்கிற புலி, ஏனென்றே தெரியாமல் கண்ணாடி போட்ட புலி என்று வரைந்து தள்ளியிருக்கிறேன். வரைந்த புலி நகர்ந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையில் அனிமேஷன் படித்து, பெங்களூரு போய், பல வருஷம் கேம் கம்பெனிகளில் இருந்தேன். பிறகு விருதுநகரில் சிலர் சேர்ந்து சூலக்கரை போகிற ரோட்டில் ஒரு மாடியில் கம்பெனி ஆரம்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊருக்கே வந்துவிட்டேன். வெயிலுக்கு ஏங்கித் திரும்பி வந்தவள் என்று வீட்டில் இன்றும் கேலி செய்வார்கள்.

அந்த முதல் கேம் உங்களுக்குத் தெரியும். ஆடுகிறவர் ஒரு பாத்திரமாகவே மாறி, அந்த உலகத்தில் நடந்து, பேசி, சண்டை போட்டு, பெரிய கதை ஒன்றைக் கடக்கிற வகை. நாயகி, வறண்ட காட்டுப் பாதையில் வணிகர்களின் மாட்டு வண்டிகளுக்குக் காவல் போகிறவள். கூடவே மூன்று துணைப் பாத்திரங்கள்: ஒரு வண்டிக்காரர், ஒரு சிலம்பக்காரர், வேம்பு என்ற மருத்துவச்சி. வழியில் கொள்ளைக்காரர்கள் மறிப்பார்கள். அவர்களில் ஒருவன்தான் குடுக்கைக்காரன். வெடிமருந்து அடைத்த சுரைக்குடுக்கையில் திரியைக் கொளுத்தி வீசுவான். குடுக்கை விழும், திரி எரியும், புகை பரவும், பிறகு வெடிக்கும்.

குடுக்கைக்காரன் என் செல்லம். அவனுக்காக நான் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். திரி எரிகிறபோது ஓடாமல் குடுக்கைக்குப் பக்கத்திலேயே நின்று, வெடிக்கப்போகிற கணத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் நாயகி உருண்டு தப்பிப்பாள், உலகமே மெதுவாகும், அடுத்த அடி இரண்டு மடங்கு பலத்தோடு விழும். தைரியத்துக்குப் பரிசு. பெங்களூரில் இருந்த காலத்திலிருந்தே மனதில் வைத்திருந்த யோசனை இது. அதற்கு புரோகிராம் எழுதியவன் ஜெபராஜ். எங்கள் சண்டைப் பிரிவின் புரோகிராமர், கெட்டிக்காரன், அந்த நேரத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தவன். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு அவன் அம்மா, ஆசிரியை அவர், யோசித்துப் பார்த்துவிட்டு, "சண்டை போடுறான்" என்று சொல்லிவிட்டாராம். அதைச் சரிசெய்யவே அவனுக்குப் பல நாள் பிடித்தது.

வெளியீட்டு நிறுவனத்தின் மேலாளர் பெங்களூரிலிருந்து டெமோ பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். அதற்கு முன், கேமைப் பற்றி எதுவும் தெரியாத ஆட்களிடம் கொடுத்து ஆடவைத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். தீபாவளி முடிந்து, மழையும் பிடித்து, பட்டாசுக் கம்பெனிகள் மூடியிருந்த சமயம். எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்த்த பெண் திருத்தங்கல்காரி. அவள் தன் தெருவிலிருந்து ஒரு கூட்டத்தையே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தக் கூட்டத்தில் வந்தவர்தான் முத்துமாரி. பட்டாசுக் கம்பெனியில் வேலை, நாற்பது வயது இருக்கும், குரல் கீழ்த்தளம் வரை கேட்கும். போனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவதில் அந்தத் தெருவில் அவரை யாரும் ஜெயித்ததில்லையாம். உட்கார்ந்ததுமே, "யக்கா, இதுல செத்தா மறுபடி மொதல்லருந்தா, பாதியிலருந்தா?" என்று கேட்டார். சரியான ஆள்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வாள் சண்டை எல்லோருக்கும் பிடித்தது. ஒருவர் கொள்ளைக்காரனை வெட்டிச் சாய்த்துவிட்டு, "பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்தவனை வெட்டினார். அதுவரை நல்லபடியாகப் போயிற்று. குடுக்கைக்காரன் வந்தான். திரி எரிந்தது. அத்தனை பேரும் ஓடினார்கள்.

கொஞ்ச தூரம் இல்லை. காட்டுப் பாதையைத் தாண்டி, வண்டிகளைத் தாண்டி, வரைபடத்தின் ஓரச் சுவரில் முட்டுகிற வரைக்கும் ஓடினார்கள். ஒருவர் கூடப் பக்கத்தில் நிற்கவில்லை. ஜெபராஜ் என் காதில் சொன்னான்: "அக்கா, இவுகளுக்குப் புரியல. பக்கத்துல நிக்கணும்னு தெளிவா எழுதிப் போட்டுருவோம்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த வரிசை உட்காருவதற்குள், திரி எரியும்போது திரையின் நடுவில் பெரிய எழுத்தில் வருகிற மாதிரி செய்தோம்: 'பக்கத்தில் நில்! வெடிக்கும் முன் உருள்!'

இந்த முறை முத்துமாரி ஆடினார். குடுக்கை விழுந்தது. எழுத்து வந்தது. அவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"பக்கத்துல நில்லுன்னு போட்டிருக்கே, யாரு எழுதுனது?"

"நான்தான்" என்றேன்.

"அப்பம் நீங்க போயி நில்லுங்க."

அறை முழுக்கச் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். அவர் மறுபடி ஆட ஆரம்பித்தார். நாயகியை ஓடவிட்டார். பாறைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்ததும் நின்றார். திரும்பிப் பார்த்தார். புகைக்குள் மருத்துவச்சி வேம்பு அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏ, அந்தப் பொம்பள அங்கனயே நிக்கிதே! ஏ வேம்பு! வா இங்கிட்டு!"

எல்லாப் பட்டனையும் மாற்றி மாற்றி அழுத்தினார். வேம்பு வரவில்லை. துணைப் பாத்திரங்கள் தங்கள் இடத்தில் நின்று சண்டை போடுவார்கள், அடிபட்டால் சற்று நேரம் கழித்து எழுந்துகொள்வார்கள். அவ்வளவுதான் நாங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. நாயகி புகையை நோக்கித் திரும்பி ஓடினாள். பாதி வழியில் குடுக்கை வெடித்தது.

முத்துமாரி கன்ட்ரோலரை மேஜையில் வைத்துவிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எந்தப் பட்டன அமுக்குனா அது வரும்?"

"அதற்குப் பட்டன் இல்லை" என்றேன்.

"வெட்டுறதுக்கு பட்டன் வச்சிருக்கீக, குத்துறதுக்கு வச்சிருக்கீக, உருளுறதுக்கு வச்சிருக்கீக. கூட வந்த ஆளக் கூப்புடுறதுக்கு வைக்கலயா?"

அவர் கோபம் கேமின் மீது மட்டும் இல்லை என்று புரிந்தது. டீ வந்தது. வெளி வராந்தாவில் நின்று குடிக்கும்போது அவரே சொன்னார். ஒருமுறை அவர் வேலை பார்த்த கம்பெனியில் பேக்கிங் செய்கிற இடத்தில் அட்டைப்பெட்டிகள் புகைய ஆரம்பித்திருக்கின்றன.

"போட்டது போட்டபடி ஓடியாந்துட்டோம். அதுதான் செய்யணும், அப்படித்தான் சொல்லி வச்சிருக்காக. கேட்டுப் பக்கம் வந்து ஒவ்வொருத்தியா பேரச் சொல்லிப் பாத்தா, பார்வதியக் காணோம். உள்ள புகை. உள்ள மாட்டிக்கிட்டவளுக்கு வாசல் எங்கிட்டுன்னு தெரியல. உள்ள போவக் கூடாதுன்னு போர்மேன் கையப் புடிச்சுக்கிட்டாரு. நாங்க அம்புட்டுப் பேரும் வெளிய நின்னு கத்துனோம் பாருங்க, 'பார்வதி, வெளிய வா, இங்கிட்டு வா'ன்னு. அந்தச் சத்தத்தப் புடிச்சே வந்து சேந்துட்டா. இருமிக்கிட்டே வந்தா. வந்ததும் மொதல்ல என்ன சொன்னா தெரியுமா? 'என் தூக்குச் சட்டி உள்ள இருக்கு'ன்னா. அடிக்கப் போயிட்டேன்."

பார்வதியும் அன்று அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். "சட்டி புதுசு யக்கா" என்றார் என்னிடம். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் டீ ஆறியது தெரியாமல் நின்றிருந்தேன்.

அன்று மாலையே, ஆடிய ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு மேலாளர் போன் செய்தார். நல்ல மனிதர், சென்னைக்காரர், சுற்றி வளைக்காமல் பேசுவார்.

"வாள் சண்டை பிரமாதம். அந்தக் குடுக்கைக்காரனை மட்டும் எடுத்துடுங்க. அவன் வந்தா எல்லாரும் ஓடிப்போயிடறாங்க. அவன் இல்லாம காட்டினீங்கன்னா எனக்கு வேற எந்த ஆட்சேபமும் இருக்காது."

பாருங்கள், இந்த மாதிரி ஒரு வாசல் திறக்கும். ஒரே ஒரு எதிரியை எடுத்துவிட்டால் ஒப்பந்தம் கையில். மறுநாள் சண்டைப் பிரிவை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். ஜெபராஜ் முதலில் பேசினான்.

"எடுத்துருவோம்க்கா. தை பொறந்ததும் எனக்குக் கல்யாணம். கம்பெனி மூடிட்டாகன்னு பொண்ணு வீட்டுல போயி எப்படிச் சொல்ல?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் முந்தின நாள் பார்த்தது என்னை விடவில்லை. வாள் சண்டையின்போது எல்லோரும் கேம் ஆடினார்கள். குடுக்கை விழுந்தபோது ஒருவர் கூட ஆடவில்லை, உண்மையாகவே ஓடினார்கள். ஒரு பாத்திரத்துக்குள் போய் ஆள் மூழ்க வேண்டும் என்று நாங்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அது எங்கே நடந்ததோ அந்த இடத்தைத்தான் இப்போது வெட்டி எறியச் சொல்கிறார்கள்.

"குடுக்கைக்காரன் இருக்கட்டும்" என்றேன். "ஓடுறது தப்பில்லைன்னு ஆக்குவோம். ஓடிப்போய் நின்னு, கூட வந்தவங்களைக் கூப்பிடணும். கூப்பிட்டா அவங்க வரணும். அதுக்கு ஒரு பட்டன் வைப்போம்."

"பட்டன் எங்க இருக்கு? எல்லாம் நெறஞ்சு போச்சே."

கன்ட்ரோலரில் காலியாக ஒன்றும் இல்லை. எதையாவது எடுத்தால்தான் எதையாவது வைக்க முடியும். எதை எடுப்பது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, பக்கத்தில் நின்று உருளுகிற என் செல்ல யோசனையை எடுத்துவிடச் சொன்னேன். வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது கேட்டாலும் அது நல்ல யோசனைதான் என்பேன். ஆனால் இந்தக் கேமுக்கு அது வேண்டாம்.

மேலாளருக்கு போன் செய்து, எடுக்கவில்லை, மாற்றுகிறோம் என்றேன். "டெமோவில் பார்க்கிறேன். அங்கே பிடிக்கலைன்னா அப்புறம் பேச ஒண்ணும் இருக்காது" என்றார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதை அன்று யாருக்கும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். பயமாக இருப்பதால் முடிவு தப்பு என்று அர்த்தமில்லை.

கூப்பிடுகிற குரலுக்கு முத்துமாரியையே வரவழைத்தோம். மைக் முன்னால் நின்றதும் அந்தக் குரல் எங்கோ ஒளிந்துகொண்டது. "வெளியே வாருங்கள்" என்று பள்ளிக்கூட விழாவில் வரவேற்புரை படிக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். எத்தனை தடவை எடுத்தும் அப்படியே. கடைசியில் ஜெபராஜை வராந்தாவின் கோடியில் இருக்கிற அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, "அவனைக் கூப்பிடுங்க" என்றேன்.

இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டார். "ஏலே ஜெபராசு! வெளிய வாலே! வெளிய வா!"

ஜெபராஜ் மட்டுமில்லை, கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரரும் ஓடிவந்தார். அந்தக் கடைசி இரண்டு சொல்தான் கேமில் இருக்கிறது.

பட்டன் வேலை செய்தது. உடனே ஒரு சண்டை எங்களுக்குள் வந்தது. கூப்பிட்டால் துணைவர்கள் நாயகி நிற்கிற இடத்துக்கு வருவார்கள். நாயகி குடுக்கைக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டால்? குடுக்கைக்கே வருவார்கள்.

"அங்கன நின்னா பட்டன் வேலை செய்யாதபடி அடைச்சிருவோம்" என்றான் ஜெபராஜ்.

"அடைக்காதே."

"அக்கா, டெமோவுல அவரு அப்படிச் செஞ்சாருன்னா மொத்தப் பேரும் போயிருவாக. கேமுல ஏதோ பிழை, 'பக்' இருக்குன்னு நெனப்பாரு."

"நினைக்கட்டும். கூப்பிட்டா வருவாங்க, அதுதான் நாம கொடுக்குற வாக்கு. எங்கே நின்னு கூப்பிடணும்னு ஆடுறவர் முடிவு பண்ணட்டும். அதையும் நாமே முடிவு பண்ணிட்டா அவருக்கு என்ன வேலை?"

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடைக்கவும் இல்லை. அந்த மரியாதைக்கு அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

டெமோ நாள் வந்தது. மேலாளர் வந்து உட்கார்ந்தார். கை தேர்ந்த ஆள், கொள்ளைக்காரர்களை வரிசையாகச் சாய்த்தார். குடுக்கை வந்து விழுந்தது. அவர் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே, குடுக்கை காலடியில் புகைய, கூப்பிடுகிற பட்டனை அழுத்தினார். நாயகி குரல் கொடுத்தாள். சிலம்பக்காரர் சண்டையை விட்டுவிட்டு ஓடிவந்தார். வண்டிக்காரர் வந்தார். வேம்பு வந்தாள். மூவரும் நாயகியைச் சுற்றி நம்பிக்கையாக நின்றார்கள். வெடித்தது. திரை இருண்டது.

ஜெபராஜின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவன் எழுந்து விளக்கம் சொல்லப் போகிறான் என்று தெரிந்து அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் வாய் துறுதுறுத்தது. 'தள்ளிப் போய்க் கூப்பிடணும் சார்' என்று நாலு சொல் சொன்னால் போதும். ஆனால் நாளைக்கு வீட்டில் உட்கார்ந்து ஆடுகிறவருக்குப் பக்கத்தில் நான் இருக்க மாட்டேனே.

"இது பிழையா, 'பக்'கா?" என்றார் அவர்.

"இல்லை" என்றேன்.

"நான் கூப்பிட்டேன். வந்தாங்க."

"ஆமாம்."

இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை குடுக்கை விழுந்ததும் ஓடினார். பாறைக்குப் பின்னால் போய்த் திரும்பி நின்று பட்டனை அழுத்தினார். 'வெளிய வா!' சிலம்பக்காரர் வந்தார். வண்டிக்காரர் வந்தார். புகைக்குள் வேம்பு தெரியவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி. அவர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தது அவருக்கே தெரிந்திருக்காது. புகை கலைகிற ஓரத்தில் வேம்பு இருமிக்கொண்டே வெளியே வந்தாள். பின்னால் குடுக்கை வெடித்தது.

கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். "குடுக்கைக்காரன் இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, "முதல்ல நான் செஞ்ச மாதிரி செஞ்சா சில பேர் கோபப்பட்டு நிறுத்திடுவாங்களே?" என்று கேட்டார்.

"சில பேர் நிறுத்துவாங்க."

"அப்போ தோத்ததும் ரொம்பப் பின்னாலிருந்து ஆரம்பிக்க வைக்காதீங்க. பாறைக்கு முன்னாலிருந்தே ஆரம்பிக்கட்டும்."

நியாயமான யோசனை. உடனே ஒத்துக்கொண்டோம். ஒருவர் பேச்சை ஓரிடத்தில் கேட்காததால் எல்லா இடத்திலும் கேட்கக் கூடாது என்றில்லை. அன்று மதியம் அவரை எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடக் கூட்டிப்போனோம். ஜெபராஜ் பரோட்டாவைப் பிய்க்காமல் பெண் வீட்டுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தான். தை மாதம் கல்யாணம் நன்றாக நடந்தது. மேடையில் என்னை அவன் மாமனாருக்கு அறிமுகப்படுத்தும்போது, "இவுகதான் எங்க சண்டைக்குத் தலைவி" என்றான். அவர் என்னை விட்டு ஓரடி தள்ளி நின்றே பேசினார்.

உங்களுக்கும் நாளைக்கு இப்படி ஒரு கூட்டம் வந்து உட்காரும். நீங்கள் ஆசை ஆசையாகச் செய்ததை அவர்கள் கண்டுகொள்ளாமல் வேறெதையோ செய்வார்கள். உடனே பெரிய எழுத்தில் அறிவிப்புப் பலகை எழுத ஓடாதீர்கள். அவர்கள் எந்தப் பட்டனைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள்.

கேம் வெளிவந்த சில நாளில், ஏதோ ஒரு நாட்டில் ஒரு பையன் அதை ஆடுகிற வீடியோ எங்களுக்குக் கிடைத்தது. எந்த மொழி பேசினான் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் ஒரே திரையின் முன்னால் கூடினோம். அந்த வருஷமும் பட்டாசுக் கம்பெனிகள் மூடியிருந்ததால் முத்துமாரியும் டெஸ்டிங்குக்கு வந்திருந்தார். பையன் நன்றாக ஓடினான், பாறைக்குப் பின்னால் நின்றான், இரண்டு பேரை வெளியே கொண்டுவந்தான். வேம்பு மட்டும் உள்ளே. அப்போது அவன் பட்டனை மறந்துவிட்டான். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், அவன் மொழியில், வாயாலேயே அவளைக் கூப்பிட்டான். விடாமல் கூப்பிட்டான்.

முத்துமாரியால் பொறுக்க முடியவில்லை. எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, எங்கள் திரையைத் தட்டிக் கத்தினார்: "ஏலே, பட்டன அமுக்குலே! வாயால கூப்புட்டா அதுக்குக் கேக்குமா?"

அது முந்தின நாளே ஆடி முடித்த ஆட்டம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நாங்களும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தோம்.